இருபத்தெட்டாவது எழுத்து

பதினொரு பாடவேளை போயிற்று.
எண்ணியவன் நான்தான்;
கணக்கு வாத்தியார் வேறு எதை எண்ணுவான்?
பின்னங்கள் கரும்பலகையில் பாதியில் நிற்க,
பிள்ளைகள் அட்டை வெட்டப் போய்விட்டார்கள்.
மே இருபத்து நான்கு, பல்கேரியாவில் எழுத்துகளுக்குத் திருநாள்.
லோம் நகரத்துத் தெருவில்
முப்பது எழுத்தும் நடந்து போக வேண்டும்,
பள்ளி வாசலில் தொடங்கி டான்யூப் கரை மேடை வரை.

தலைமையாசிரியை கொஸ்தாதினோவா
சீட்டுப் போட்டு எழுத்துகளைப் பங்கிட்டார்.
கிடைத்த எழுத்தில் தொடங்கும் ஒரு சொல்லை
ஊர் கேட்கச் சொல்ல வேண்டும்.
நெவெனாவுக்கு ஓ வந்தது, நிலாப்போல் முழு வட்டம்.
மீன்கடைக்காரர் மகன் ப்ளாமெனுக்கு ர.
யாசெனுக்கு இருபத்தெட்டாவது.

'சின்ன எர்' என்பார்கள் அதை.
உயிருமில்லை, மெய்யுமில்லை.
தனக்கென்று ஒலி கிடையாது,
பக்கத்தில் நிற்பதைச் சற்றே இளக்கும்,
அவ்வளவுதான்.
எங்கள் மொழியில் எந்தச் சொல்லும்
அதில் தொடங்குவதில்லை.

வகுப்பு சிரித்தது.
நானும் சிரித்தேன், மறைப்பானேன்.

மார்ச்சில் வந்து சேர்ந்தவன் யாசென்,
அதற்கு முன் வலென்சியாவில் மூன்று பள்ளி.
பேர் சொன்னால் கை உயரும், வாய் திறக்காது.
வேறு சீட்டு எடுக்கிறாயா என்றோம்,
தலையை இடவலமாக ஆட்டினான்.
எங்கள் ஊரில் அப்படி ஆட்டினால் 'சரி' என்று பொருள்;
ஸ்பெயினில் 'வேண்டாம்'.
எந்த நாட்டுத் தலையை ஆட்டினான் என்று புரியாமல்
சீட்டை அவனிடமே விட்டோம்.
அட்டைக்கு நீலம் பூசினான்.
காய்ந்ததும் மறுபடி பூசினான்.

அன்று காலை தூறல்.
ஊதுகுழல்களுக்குள் தண்ணீர்.
அட்டை நனைந்து, ஒரு கால் மடங்கி
நொண்டிக்கொண்டே வந்தது ஓர் எழுத்து.
மேடையில் ஒவ்வொருவராய்ச் சொன்னார்கள்.
"ஓரெஹ்!" என்றாள் நெவெனா, வாதுமைக்கொட்டை.
"ரீபா!" என்று ப்ளாமென் மீனைக் கூவியதும்
கூட்டம் விலை கேட்டது.

பிறகு அவன்.

நின்றான்.
நின்றுகொண்டே இருந்தான்.
கொஸ்தாதினோவா கடிகாரத்தைப் பார்த்தார்.
அவன் சட்டென்று திரும்பி
ஷ வைத்திருந்த செவ்தாவின் கையைப் பிடித்து இழுத்தான்,
அடுத்து நெவெனாவை, அடுத்து ஓர்லினின் ஃப,
அப்புறம் தன்னை நிறுத்திக்கொண்டான்,
ஓர் ஆள் இடம் விட்டு ப்ளாமெனை.

அந்த ஓர் ஆள் இடத்தை
கையால் காட்டிக்கொண்டே இருந்தான்.

இரண்டு ஓ வேண்டும் அந்தச் சொல்லுக்கு.
முப்பதில் ஓ ஒன்றே ஒன்று.
ஊரில் முதலில் கணக்குப் போட்டு முடித்தவன்
நானாகத்தான் இருக்க வேண்டும்:
புனிதர்கள் படத்தில் சாத்தியிருந்த
பியோனி மலர்வளையத்தைக் கழற்றிக்கொண்டு
மேடை ஏறிவிட்டேன்.
ஐம்பத்திரண்டு வயதில், வழுக்கையில் தூறல் விழ,
மார்புக்கு நேரே வட்டத்தைப் பிடித்து
ஓவாக நின்றேன்.
பூவில் தேங்கிய மழை முழுதும்
என் சட்டைக் கைக்குள் இறங்கியது.

ஷோஃப்யோர்.
கூட்டம் எழுத்துக் கூட்டிப் படித்தது.
ஓட்டுநர்.
நடுவில் அந்த ஊமை எழுத்து இல்லாவிட்டால்
வாயில் ஒட்டாத வெறும் சத்தம்.

"என் அப்பா" என்றான் யாசென்.
குரல் நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

அவர் அந்நேரம் துருக்கி எல்லையில்
நாற்பது லாரிகளுக்குப் பின்னால் நின்றாராம்.
யாரோ படம் அனுப்பினார்கள்.
பார்த்தாரா, என்ன சொன்னார், தெரியாது.
நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை பின்னங்கள் தொடர்ந்தன.
யாசென் பழையபடி கையை மட்டும் தூக்கினான்.
ப்ளாமென் அவனை 'ஷோஃப்யோர்' என்று கூப்பிட
கடைசி பெஞ்சில் அவனுக்கு இடம் ஒதுங்கியது.

கல்வி அலுவலகத்துப் படிவம் வந்தது.
இழந்த பாடவேளை: பதினொன்று.
மாணவர் அடைந்த பயன்: ஒரு வரி இடம்.
எதையோ எழுதி அடித்தேன்,
மறுபடி எழுதி அடித்தேன்.
அடியில் 'அடுத்த ஆண்டுத் தேவைகள்' என்றிருந்தது.
அதில் எழுதினேன்:
இன்னும் ஓர் ஓ.